ஒரு மனசுக்கு எத்தனை டெராபைட்?

மனித மூளையை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டால் எவ்வளவு இடம் பிடிக்கும்? இணையத்தில் தேடினால் வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஒருத்தர் ஒரு பென் டிரைவ் போதும் என்பார். இன்னொருத்தர் உலகத்தில் இருக்கும் டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்தாலும் பத்தாது என்பார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை. ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூணு நாலு கேள்விகள் இருக்கு. கொஞ்ச நாளாக நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கோர்த்து அதைப் பிரித்துப் பார்க்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகாது.

சின்ன எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். 1986-இல் தாமஸ் லாண்டவர் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் உண்மையில் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அவர் மூளைக்குள்ளே பார்க்கவில்லை, வெளியே நின்றுதான் அளந்தார். ஆட்களுக்குப் படங்களைக் காட்டுவது, பத்திகளைப் படிக்கக் கொடுப்பது, பிறகு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சோதிப்பது. படமானாலும் எழுத்தானாலும், நினைவில் தங்கும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 பிட் என்ற மட்டத்திலேயே வந்தது. மறதியையும் கழித்துவிட்டு ஒரு ஆயுள் முழுக்கக் கூட்டினால் சுமார் நூறு கோடி பிட். அதாவது 125 மெகாபைட். கல்யாண வீட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வீடியோ அளவுதான்.

இதைப் படித்ததும் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் எதை அளந்தார் என்பதைக் கவனிக்கணும். கேட்டால் பதில் சொல்லக்கூடிய நினைவு மட்டும்தான் அந்தக் கணக்கில் இருக்கு.

எங்கள் ஊரில் ராஜகோபுரத்துக்கு எதிரே பூக்கடை வரிசை இருக்கு. அங்கே பூ கட்டும் அம்மாக்களின் விரல்களைப் பாருங்க. பேசிக்கொண்டே, சில்லறை வாங்கிக்கொண்டே, நாரைப் பார்க்காமலேயே முடிச்சு விழும். எப்படிக் கட்டுறீங்க என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கட்டித்தான் காட்டுவார்கள். லாண்டவர் கணக்கில் இதற்கு ஒரு பைட்கூட ஒதுக்கப்படவில்லை.

இது தனி வகை நினைவு என்பது ஒரு நோயாளி மூலமாகத் தெரிந்தது. எச்.எம். என்று அழைக்கப்பட்ட ஹென்றி மோலெய்சனுக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவருக்கு நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்னே செய்ததே இல்லை என்றுதான் சொன்னார்.

எங்கள் அத்தை ஒருத்தர் கடைசி நாலு வருஷம் மறதி நோயில் இருந்தார். என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்டது நினைவிருக்காது. ஆனால் மல்லிகையையும் நாரையும் மடியில் வைத்துவிட்டால் முழம் முழமாகக் கட்டித் தள்ளுவார், முடிச்சு ஒன்றுகூட நழுவாது. அத்தையை ஒரு டிஸ்கில் ஏற்றுவதானால் எதை ஏற்றுவது? அவர் மறந்த அந்த 125 மெகாபைட்டையா, விரலில் மிச்சமிருந்ததையா? எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது அப்போதிலிருந்துதான்.

விரலும் வேண்டும் என்றால் வெளியே நின்று அளந்தால் போதாது, உள்ளே போகணும். அதுதான் இரண்டாவது கணக்கு.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள், குறைத்து மதிப்பிட்டாலும் நூறு லட்சம் கோடி. நினைவு தங்குவது பெரும்பாலும் இந்த இணைப்புகளின் வலிமையில் என்பது இன்றைய நரம்பியலின் பொதுவான புரிதல். 2015-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த டாம் பார்ட்டால், டெரன்ஸ் செய்னோவ்ஸ்கி குழுவினர் எலியின் ஹிப்போகாம்பஸில் சினாப்ஸ்களின் அளவைத் துல்லியமாக அளந்து, சுமார் 26 வெவ்வேறு அளவுகளைப் பிரித்தறிய முடியும் என்றார்கள். 26 நிலை என்றால் ஒரு சினாப்ஸுக்கு 4.7 பிட். நூறு லட்சம் கோடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 60 டெராபைட். இன்று கடையில் கிடைக்கும் 20 டெராபைட் டிஸ்க் மூன்று.

இதோடு நிறுத்திவிடும் கட்டுரைகள் நிறைய. ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 'வலிமை 17' என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன பிரயோஜனம்? எந்த நியூரானிலிருந்து எந்த நியூரானுக்கு என்பதும் வேண்டுமே. பெறும் நியூரான் வாரியாக அடுக்கி வைத்தால் அனுப்பும் நியூரானின் முகவரி மட்டும் போதும். 8,600 கோடி பேரில் ஒருவரைச் சுட்ட 37 பிட் வேண்டும். ஆக ஒவ்வொரு சினாப்ஸுக்கும் சேதி 4.7 பிட், முகவரி 37 பிட். கடிதத்தைவிட உறை எட்டு மடங்கு பெரிசு! முகவரிகளுக்கு மட்டும் 460 டெராபைட். மொத்தம் 520 டெராபைட் போல வரும், 26 டிஸ்க்.

இதைக் குறைக்கவும் வழி இருக்கு. நியூரான்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவற்றோடுதான் பேசுகின்றன. ஊருக்குள்ளேயே ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பும் கடிதத்தில் 'பே கோபுரத் தெரு' என்றால் போதும், 606601 எழுத வேண்டியதில்லை. அப்படிச் சுருக்கினால் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு ஸ்டீல் பீரோவுக்குள் அடங்கிவிடும். இந்த எண்ணில் பிரமிக்க ஒன்றுமில்லை என்பதுதான் என் எண்ணம்.

பிரமிக்க வேண்டியது அடுத்தது. அந்த 26 டிஸ்கில் எழுத வேண்டியதைக் கண்டுபிடிப்பது எப்படி?

2024 மே மாதம் ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் சேர்ந்து ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். வலிப்பு அறுவை சிகிச்சையின்போது எடுத்த மனித மூளைத் துணுக்கு, சுமார் ஒரு கன மில்லிமீட்டர். ஒரு அரிசி மணியில் பாதிகூடத் தேறாது. அதை 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களாக அறுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். உள்ளே 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள். படங்களின் அளவு 1.4 பெட்டாபைட், அதாவது 1,400 டெராபைட்.

மூளை முழுவதும் சுமார் 12 லட்சம் கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 168 கோடி டெராபைட். 20 டெராபைட் டிஸ்க் 8 கோடியே 40 லட்சம் வேண்டும். ஒரு டிஸ்கின் நீளம் 14.7 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் தலைமாட்டில் கால்மாடாக நமது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடுக்கினால், மலையை 880 தடவை சுற்றி வரும். ஒரே ஒரு ஆளுக்கு.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கு. 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கருவின் மூளை வரைபடத்தை வெளியிட்டார்கள். இரண்டாவது மூன்று மாத காலத்துக் கருமூளைகள், 5,132 சீவல்கள், யாரும் திறந்து பார்க்கலாம். செய்தி வந்தபோது சில பேர் 'சென்னையில் மூளையை அப்லோட் பண்ணிட்டாங்க' என்கிற மாதிரி பகிர்ந்தார்கள். இல்லை. ஹார்வர்டிலும் ஐயாயிரத்துச் சொச்சம் சீவல், இங்கேயும் ஐயாயிரத்துச் சொச்சம், ஆனால் அது வேறு இது வேறு. ஹார்வர்டில் ஒரு சீவலின் தடிமன் 30 நானோமீட்டர் சொச்சம், அதனால் ஒரு துணுக்குதான் முடிந்தது. தரணியில் முழு மூளைகள், அதனால் செல் வரைக்கும் தெரியும், செல்லுக்கு இடையே உள்ள சினாப்ஸ் தெரியாது. ஊரை மேலிருந்து வீடு வீடாகப் படம் பிடித்தது போல. எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை என்பது அந்தப் படத்தில் இருக்காது. பிறவிக் குறைகளைப் புரிந்துகொள்ள அது விலைமதிப்பில்லாதது. அதன் நோக்கமும் அதுதான்.

சரி, படம் 168 கோடி டெராபைட், சாரம் 520 டெராபைட். சாரத்தை எடுத்துக்கொண்டு படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன?

கோயில் சுவருக்குப் போவோம். அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலம் தொட்டு வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. கல்வெட்டு ஆய்வாளர்கள் முதலில் எடுப்பது மைப்படி. ஈரக் காகிதத்தைக் கல்லில் வைத்து பிரஷால் அடித்து, மேலே மையை ஒற்றி எடுப்பது. அதில் எழுத்தும் வரும், கல்லின் பொளிவும் வரும், விரிசலும் வரும். பிறகு உட்கார்ந்து படித்து, எழுத்தை மட்டும் பிரித்துப் பாடமாக எழுதுவார்கள். பாடம் ஒரு பக்கத்தில் முடியும். மைப்படி பாய் அளவுக்கு இருக்கும். ஆனாலும் எந்த ஆய்வாளரும் பாடம் வந்துவிட்டது என்று மைப்படியைக் கிழித்துப் போடமாட்டார். முப்பது வருஷம் கழித்து இன்னொருத்தர் வந்து, 'இது விரிசல் இல்லீங்க, புள்ளி' என்று சொல்லலாம். அந்த ஒரு புள்ளியில் நிலத்தின் அளவே மாறிப்போகும்.

மூளையிலும் இதே பிரச்சினைதான், இன்னும் மோசமாக. எது எழுத்து, எது விரிசல் என்று இன்னும் முடிவாகவில்லை. சினாப்ஸின் அளவு மட்டும்தானா, அதிலுள்ள புரதங்களின் அடுக்குமா, பக்கத்தில் இருக்கும் கிளியா செல்களுமா? சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு மொத்தமே 302 நியூரான்கள். அதன் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் புழுவைக் கணினியில் முழுசாக உயிர்ப்பிக்க முடியவில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரிவது ஒன்று, அதில் என்ன ஓடுகிறது என்று தெரிவது வேறொன்று. அது தெரியும் வரைக்கும் மைப்படியைத் தூக்கிப் போட முடியாது.

இதுவரை பார்த்தது நின்றுபோன மூளையின் கணக்கு. ஏற்றிய பிறகு அந்த மனசு ஓடணும், புதுசாகக் கற்கணும், அதுவும் சாவே இல்லாமல். அப்போது இடம் நிரம்பிவிடாதா?

டிஸ்க் நிரம்பாது. லாண்டவரின் 2 பிட் வேகத்தில், தூங்கும் நேரத்தைக் கழித்தால் வருஷத்துக்கு 5 மெகாபைட்தான் சேரும். ஆயிரம் வருஷத்துக்கு 5 ஜிகாபைட். பத்து லட்சம் வருஷம் வாழ்ந்தாலும் 5 டெராபைட்.

ஆனால் மூளை டிஸ்க் மாதிரி வேலை செய்வதில்லை என்பதுதான் சிக்கல். டிஸ்கில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனி இடத்தில் இருக்கும். மூளையில் எல்லா நினைவும் ஒரே இணைப்புகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. ஜான் ஹாப்ஃபீல்ட் 1982-இல் இதற்கு ஒரு எளிய மாதிரியைக் கொடுத்தார். 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான். ஒவ்வொரு புதிய நினைவும் எல்லா இணைப்புகளையும் கொஞ்சம் கொஞ்சம் திருத்தும். நினைவின் ஒரு துண்டைக் கொடுத்தால் மீதியை வலையே நிரப்பிக்கொள்ளும். அழகான மாதிரி. 1985-இல் அமித், குட்ஃப்ராய்ண்ட், சோம்போலின்ஸ்கி மூவரும் இதன் கொள்ளளவைக் கணக்கிட்டார்கள். நியூரான்களின் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம். ஆயிரம் நியூரான் என்றால் 138 நினைவு.

139-ஐத் திணித்தால் என்ன ஆகும்? புதுசு மட்டும் ஏறாது என்றுதானே நினைப்போம். அப்படியில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் பழசு புதுசு எல்லாமே சேர்ந்து குழம்பிவிடும். எதைக் கேட்டாலும் எதோ ஒரு கலவைதான் வரும். குடம் நிரம்பி வழிவது மாதிரி இல்லை, பாலில் மோர் விழுந்து மொத்தமும் திரிகிற மாதிரி.

இதற்கு ஜார்ஜியோ பாரிசி 1986-இல் ஒரு தீர்வு சொன்னார். இணைப்பின் வலிமை ஒரு வரம்புக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டால் போதும். புதிய நினைவு ஏற ஏறப் பழையது மெல்ல மங்கும், வலை ஒருநாளும் குழம்பாது. கொள்ளளவு குறையும், ஆனால் காலம் பூரா கற்றுக்கொண்டே இருக்கலாம். அதாவது மறதி பழுது இல்லை, சாவில்லாத ஒரு மனசு பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கான நிபந்தனையே அதுதான். நிஜ மூளை ஹாப்ஃபீல்டு வலை அல்லதான். ஆனால் ஒரே இணைப்பில் பல நினைவு படியும் எந்த அமைப்புக்கும் இந்த நெருக்கடி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும்.

கூடுதலாக நியூரான் சேர்த்துவிட்டால்? கணினிதானே, ராம் போடுவது மாதிரி போட்டுவிடலாமே? டொரன்டோவில் பால் ஃப்ராங்க்லாண்ட், ஷீனா ஜோசலின் குழுவினர் 2014-இல் எலிகளில் இதற்கு நேர் எதிரானதைக் காட்டினார்கள். ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்கள் பிறப்பதை அதிகப்படுத்தினால், ஏற்கெனவே கற்றது மறந்துபோகிறது. புதுசாக வருபவை பழைய இணைப்புகளுக்குள் புகுந்து இடத்தைக் கலைக்கின்றன. நமக்கு மூன்று வயதுக்கு முந்தையது நினைவில்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அறை சேர்த்துக் கட்டினால் பழைய வீட்டுச் சுவரையும் இடிக்க வேண்டி வருகிறது.

எல்லாவற்றையும் வெளியே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது படிக்கலாம் என்று சொல்வோர் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்குப் பெயர் டைரி.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்: 'நினைவு எல்லாம் ஏத்திட்டா அது நீங்களா?' 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை விருபாட்ச குகைக்குப் போய் ரமணரிடம் கேட்ட கேள்விகள்தான் பிறகு 'நான் யார்?' என்ற சிறு நூலானது. உடல் நானல்ல, மனமும் நானல்ல என்று கழித்துக்கொண்டே போகும் வழி அது. அந்த வழியில் பார்த்தால் 26 டிஸ்கும் கழித்துப் போட வேண்டிய பட்டியலில்தான் வரும். (சென்னை மூளை மையத்தின் தலைவர் பெயர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். சும்மா பெயர்ப் பொருத்தம்தான், ஆனால் கவனித்ததும் சிரிப்பு வந்தது.) என் கேள்வி அவ்வளவு ஆழமானதில்லை. பிரதி எடுத்தால் எது அசல் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

அதற்கு நம்மிடம் பழைய உதாரணம் ஒன்று இருக்கு. திருமழபாடி கோயிலை இடித்துக் கட்ட ராஜராஜ சோழன் காலத்தில் ஆணை போனது. சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்தார்கள். கோயில் எழும்பிய பிறகு, ராஜேந்திரன் காலத்தில், ஏட்டைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். கல் வேறு, உளி வேறு, வெட்டிய கை வேறு. ஆனால் தானம் செல்லும், விளக்கு எரிந்தது. உரிமைக்கு அது போதும். முதல் சுவரில் கல்தச்சன் கை நடுங்கிய இடம் எது என்று கேட்டால் ஏட்டில் பதில் இருக்காது.

இப்போது விற்பனைக்கு வருவது அந்த ஏடுகூட இல்லை. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டில் கலைஞர் கருணாநிதி திரையில் வந்து பேசினார். அதே மாதம் 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யாவும் ஷாகுல் ஹமீதும் பாடினார்கள், குடும்பத்தாரின் அனுமதியோடு என்று ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே சேமிக்கப்பட்டிருப்பது குரலும் முகமும். ஒரு சினாப்ஸ்கூட இல்லை. 2018-இல் நெக்டோம் என்ற அமெரிக்க நிறுவனம் எதிர்காலத்தில் ஏற்றுவதற்காக மூளையைப் பதப்படுத்தித் தருவதாகச் சொல்லி, 10,000 டாலர் முன்பணத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் போட்டது. அந்த முறையில் பன்றி மூளையின் இணைப்புகள் கெடாமல் நின்றது உண்மை, அதற்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் அதைச் செய்ய ஆள் உயிரோடு இருக்கும்போதே ஆரம்பிக்கணும், ஆரம்பித்தால் ஆள் இருக்கமாட்டார். விஷயம் வெளியே வந்ததும் எம்ஐடி தன் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது.

வீட்டில் மறதி நோயோடு ஒருத்தர் இருக்கும்போது இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் பட்டால் மனசு தடுமாறும். போன வாரம்கூட தெரிந்தவர் ஒருவர் ஒரு இணைப்பை அனுப்பி, அப்பாவின் குரலை முப்பது மணி நேரம் பதிவு செய்து கொடுத்தால் 'அப்பாவையே' தருவதாகச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டார். முப்பது மணி நேரத்தைப் பதிவு பண்ணுங்க, பணத்தைக் கட்டாதீங்க என்றேன். போனிலேயே பதியலாம். வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது, முகத்தை மட்டும் எடுக்காமல் கையையும் எடுக்கச் சொன்னேன். அவர் அப்பா தச்சர்.